விழாத மின்னல்கள்

கோடை முடிகிற சமயத்தில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தால் ஜெனோவாவுக்குக் கை நிற்காது. ஸ்டுடியோவில் யாராவது பாஸ்போர்ட் படத்துக்குத் தலை சீவி உட்கார்ந்திருந்தாலும் சரி, "இவங்கள நீங்க பாத்துக்கோங்க" என்று கணவன் அல்போன்ஸிடம் சொல்லிவிட்டு, கேமராவையும் ஸ்டாண்டையும் பழைய ஆம்னி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரமாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள்தான். மரம் கிடையாது, வீடு கிடையாது. பாத்தியில் தேங்கிய நீர் அசையாமல் கிடக்கும். வானத்திலிருந்து ஒரு மின்னல் இறங்கினால் தண்ணீருக்குள்ளிருந்து இன்னொன்று ஏறி வந்து அதைத் தொடும். அந்த ஒரு காட்சிக்காக அவள் வருஷாவருஷம் போய் நின்றாள். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினாள். கேமராவை இந்தப் பக்கம் வைத்தால் மின்னல் அந்தப் பக்கம் விழும். அந்தப் பக்கம் திருப்பினால் மழை வந்து லென்ஸை நனைத்துவிடும்.

'முன்மின்' வந்த பிறகு அந்தக் கதையெல்லாம் முடிந்துபோயிற்று.

அது நிகழ்வான் என்ற நிறுவனம் கொண்டுவந்த சாதனம். ஊர் ஊராகச் சிறு கம்பங்களை நட்டு, காற்றில் மின்சாரம் ஏறுவதை அளந்து, இடி விழப்போகும் இடத்தை அரை நிமிஷம் முன்னதாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள். கேமராவின் திரையில் ஒரு மஞ்சள் வட்டம் தோன்றும். அங்கே விழலாம் என்று அர்த்தம். அந்த வட்டம் சுருங்கிச் சிவப்பாகிவிட்டால் அங்கேதான் விழும். கேமராவைத் திருப்பி, வாகாக நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கலாம். உலகம் முழுக்க மின்னல் பிடிக்கிறவர்கள் சந்தா கட்டி வாங்கினார்கள்.

"இதுல என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கு?" என்றான் அல்போன்ஸ். "கல்யாணப் படம் எடுக்கப் போனா, தாலி கட்டுத நேரம் எனக்கும்தான் பத்திரிகையிலேயே போட்டிருக்கு. அதுக்காக நான் பெரிய ஆளாயிர முடியுமா?"

"தெரிஞ்சும் தவற விட்டுட்டு, மறுபடியும் கட்டச் சொன்ன ஆளுதான நீங்க?"

அல்போன்ஸ் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டான்.

முதல் பருவத்தில் ஜெனோவா எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ கடிதம் எழுதினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அட்டையில் போட்டது. அடுத்த வருஷம் அவள் எடுக்கப்போகும் படத்துக்காகப் பலர் காத்திருந்தார்கள். அவளும்தான்.

அந்த அடுத்த வருஷத்தில், வைகாசி மாதத்து ஒரு சாயங்காலம், அது நடந்தது.

மழை வருகிறது என்றால் மற்ற இடங்களில் ஆட்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். உப்பளத்தில் வெளியே ஓடுவார்கள். வரப்பில் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால், பல நாள் பாடு ஒரு மழையில் கரைந்து போய்விடும். 'இடி மின்னலுடன் மழை, வெளியே வராதீர்கள்' என்று மாவட்டம் முழுவதற்கும் போனில் செய்தி வரும். அதைப் படித்துவிட்டுத்தான் தார்ப்பாயைத் தேடுவார்கள்.

அன்று அம்பாரத்தின் உச்சியில் ஒருத்தி ஏறி நின்றிருந்தாள். வெள்ளைக் குவியல். அதற்குப் பின்னால் மை பூசினாற்போல வானம். அவள் கையில் பிடித்திருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் உப்பிப் பறந்தது. கீழே பாத்தி நீரில் அத்தனையும் தலைகீழாகத் தெரிந்தது. ஜெனோவா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு காட்சி இனி வாழ்நாளில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. மஞ்சள் வட்டம் வந்தது. மெல்ல நகர்ந்து அம்பாரத்தின் மேல் வந்து நின்றது. சுருங்கியது. சிவந்தது.

அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அது அங்கேயே எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பின்னாளில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அரை நிமிஷத்தில் கொஞ்சம் அதில் போய்விட்டது. பிறகு அவள் வண்டிக்குள் பாய்ந்து ஹாரனை அமுக்கினாள். கையை எடுக்கவே இல்லை. இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "எறங்கு! எறங்கு!" என்று கத்தினாள்.

அம்பாரத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். உப்பில் சறுக்கிக்கொண்டு கீழே வந்து வரப்பில் விழுந்தாள். திரையில் சிவப்பு வட்டம் நடுங்கி, மறைந்தது. தெற்கே வெகு தூரத்தில் இடி விழுந்தது. கேமரா இருந்த இடத்தில் இருந்தபடி வெறும் அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் எழுந்து நேராக வண்டிக்கு வந்தாள். பெயர் உலகம்மாள். ஜெனோவாவின் வயதுதான் இருக்கும். முழங்கை உரிந்து ரத்தம் கசிந்தது.

"என்னத்துக்கு இந்த அடி அடிக்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்குத்தான் ஆவப் பாத்துச்சு. நீ நின்ன எடத்துல இடி விழ இருந்துச்சு."

"விழலியே?"

"நீ எறங்கிட்டல்லா, அதான்."

உலகம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாச் சொன்ன போ. ஒரு செருப்பக் காணோம்" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயைத் தேடிப் போனாள்.

ஜெனோவா அன்று இரவு அல்போன்ஸிடம் நடந்ததைச் சொன்னபோது, அவன் சாதனத்தை வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு முறை அதைப் போடும்போதும் திரையில் வரும் வாசகத்தை உரக்க வாசித்தான். "இது படம் எடுப்பதற்கு மட்டுமான சாதனம். யாரையும் எச்சரிக்கப் பயன்படுத்துவது தடை. மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும், வழக்குத் தொடரப்படும்." வாசித்து முடித்துவிட்டு, "போட்டாப் போடட்டும்" என்றான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நீளமாக ஹாரன் கேட்டால் அம்பாரத்தை விட்டு இறங்கி வரப்போரம் குந்திக்கொள்ள வேண்டும், அல்லது பக்கத்தில் லாரி நின்றால் அதன் கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று உப்பளத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருநாள், ஆட்கள் இறங்கிய சிறிது நேரத்தில் பக்கத்துப் பாத்தியின் வரப்பு புகைந்து பிளந்ததைப் பார்த்தார்கள். அன்றோடு சிரிப்பு நின்றது. 'இடிக்காரம்மா' என்று பெயர் வைத்தார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று ஜெனோவாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கருவாடும் நுங்கும் வண்டிக்கு வந்தன.

படங்கள்தான் வரவில்லை. சிவப்பு வட்டம் எப்போதும் உயரமாக நிற்பதைத் தேடித்தான் வரும். அந்தச் சமவெளியில் உயரமாக நிற்பது ஆள்தான். ஆளை இறக்கிவிட்டால் மின்னல் வேறு எங்கோ போய்விடும். அவள் கேமராவில் வெறும் அம்பாரங்களும் வெறும் வானமுமாகச் சேர்ந்துகொண்டே போயின. பத்திரிகைக்காரர்கள் ஒன்றிரண்டு முறை கேட்டுவிட்டு ஓய்ந்தார்கள். அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் எடுத்த படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஆனால் சாயங்காலம் உலகம்மாள் தூக்குச் சட்டியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போவதைப் பார்க்கும்போது, அந்த வருத்தத்தை எங்கே வைத்தோம் என்று அவளே மறந்துவிடுவாள்.

இப்படியே போயிருக்கும், மாசானத்துக்கு அடிபடாமல் இருந்திருந்தால்.

மாசானம் உலகம்மாளின் கணவன். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறையில் வேலை. அன்று சிவப்பு வட்டம் அம்பாரத்தில் நின்ற நான்கு பெண்கள் மேல் வந்தது. ஜெனோவா ஹாரன் அடித்தாள். பெண்கள் இறங்கிக் குந்தினார்கள். வட்டம் அவர்களை விட்டு விலகி, எங்கே போகிறது என்று அவள் பார்ப்பதற்குள், மோட்டார் அறையின் தகரக் கூரையில் இடி இறங்கியது. மாசானத்தை வெளியே தூக்கிப் போட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது காது கேட்காமல் போய்விட்டது. கையில் தீக்காயம்.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் பக்கத்தில் ஜெனோவா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இடிக்காரம்மா, ஒன்னும் சொல்ல மாட்டேங்கீய? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. அந்தக் காது அவுட்டு."

"நான் ஹாரன் அடிக்கலைன்னா உங்களுக்கு இது வந்திருக்காது அண்ணாச்சி. அது உங்க மேல வர வேண்டிய இடி இல்ல. நான்தான் தள்ளி விட்டுட்டேன்."

மாசானம் யோசித்தான். "ஹாரன் எனக்கும் கேட்டுச்சு. மோட்டார அமத்திட்டு நாமளும் குந்துவோம்னு சுச்சுல கை வச்சேன். அதுக்குள்ள வந்துட்டு. சரி, நீங்க அடிக்காம இருந்தா அது யாரு மேல விழுந்திருக்கும்?"

"அம்பாரத்துல நின்னவங்க மேல. நாலு பேரு."

"அதுல இவளும் உண்டுல்லா?" என்று உலகம்மாளைக் கண்ணால் காட்டினான்.

"ஆமா."

"அப்பொ என்ன, காதோட போச்சு. இவ பேசுததக் கேக்க ஒரு காதே ஜாஸ்தி."

உலகம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள். ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. அடுத்த முறை கூரைக்குக் கீழே இருப்பவன் பிழைப்பான் என்று யார் சொன்னது? தான் யாரையாவது காப்பாற்றுகிறோமா, அல்லது சாவை ஒருவர் கையிலிருந்து வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா?

அந்த வாரம் மேற்கே இரண்டு முறை கறுத்தது. அவள் ஸ்டுடியோவை விட்டு அசையவில்லை.

மூன்றாவது முறை கறுத்த நாளில்தான் இம்தியாஸ் வந்தான். நிகழ்வான் நிறுவனத்தின் பொறியாளன். ஆம்பூர்க்காரன். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய பை, முகத்தில் பேருந்தில் தூங்காத களைப்பு.

"மேடம், உங்க ஏரியாவுல எங்க கணிப்பு ரொம்பத் தப்பா வருது. சிவப்பு காட்டுற எடத்துல பாதிகூட விழ மாட்டேங்குது. மத்த எடத்துல எல்லாம் நூத்துக்குத் தொண்ணூறு சரியா இருக்கு. கம்பத்துல இருக்கிற சென்சார் உப்புக் காத்துல அரிச்சுப் போச்சோன்னு பாக்க வந்தேன். நீங்கதான் இங்க ரொம்ப நாளா இருக்கிற சந்தாதாரர். கொஞ்சம் கூட வர முடியுமா?"

ஜெனோவா அல்போன்ஸைப் பார்த்தாள். அல்போன்ஸ் கூரையைப் பார்த்தான்.

"உப்புக் காத்துதான் சார்" என்றாள் அவள். "இங்க எல்லாமே அரிச்சுப் போவும்."

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. உப்பளத்தில் இம்தியாஸ் ஒவ்வொரு கம்பமாகக் குனிந்து சோதித்தான். எல்லாம் சரியாகவே இருந்தன. அது அவனுக்குக் கவலையாக இருந்தது. வண்டிக்குத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் துடைத்துக்கொண்டே தனக்குத்தானே பேசுவதுபோல் விளக்கினான்.

"மேகம் கீழ நோக்கி ஒரு கைய நீட்டும் மேடம். தரையில எது உசரமா நிக்குதோ, அது பதிலுக்கு ஒரு கைய நீட்டும். ரெண்டும் தொட்டா இடி. கை நீள்றதுக்கு முன்னாடியே காத்துல ஒரு இழுப்பு தெரியும். அதத்தான் நாங்க பிடிக்கிறோம். அந்தக் கணக்கு தப்பவே கூடாது. உசரமா நிக்கிறது கடைசி நேரத்துல காணாமப் போனாத்தான் தப்பும். கட்டடமும் மரமும் அப்படிக் காணாமப் போகுமா?"

மழைக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. தூரத்தில் மூன்று பேர் லாரியில் உப்பு ஏற்றி முடித்துவிட்டு, மூட்டைகளின் மேல் ஏறி நின்று தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்கண்ணாடி ஓரம் வைத்திருந்த கேமராவின் திரையில் மஞ்சள் வட்டம் ஒன்று கடல் பக்கமிருந்து நகர்ந்து வந்தது.

அடிக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். இவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதற்காக மட்டும் இல்லை. மாசானத்தின் கட்டுப்போட்ட கை கண்ணுக்குள் நின்றது. இந்த மூன்று பேரை விலக்கினால் அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

வட்டம் லாரிமேல் நின்றது. சுருங்கியது.

"அங்க பாருங்க, இப்ப சிவப்பு வரும்" என்றான் இம்தியாஸ் ஆர்வமாக. பிறகு அவனும் அந்த மூன்று பேரைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "மேடம், அங்க..."

அவள் கை ஹாரனுக்குப் போய்விட்டது.

மூவரும் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மூட்டையிலிருந்து குதித்து, கேபினுக்குள் ஒருவர் மேல் ஒருவராக ஏறிக் கதவைச் சாத்தினார்கள். வட்டம் தடுமாறியது. சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் நழுவி வடக்கே ஓடி, யாருமில்லாத ஒரு வரப்பின் முனையில் மறுபடி சிவந்தது. இடி அங்கே விழுந்தது. வண்டி அதிர்ந்தது.

சத்தம் அடங்கிய பிறகும் இருவரும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

"இதுதான் கோளாறா?" என்றான் இம்தியாஸ்.

"இதுதான்."

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்துல இருந்து. இணைப்பை எடுத்துருவீங்கன்னு தெரியும். கேசும் போடுவீங்க. போடுங்க. ஆனா ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி. இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் ஜனங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

இம்தியாஸ் தலை துடைத்த துண்டை மடித்தான். "முதல்ல சொன்னோம் மேடம். அதுக்குத்தான் இதைக் கண்டுபிடிச்சதே. ஒரு ஊர்த் திருவிழாவுல அத்தனை பேர் போன்லயும் ஒரே நேரத்துல எச்சரிக்கை அடிச்சது. எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓடினாங்க. நெரிசல்ல மூணு பேர் போயிட்டாங்க. இடி விழவே இல்ல. இடி விழுந்து செத்தா கம்பெனிமேல பழி இல்ல. எங்க பேச்சைக் கேட்டு ஓடிச் செத்தா பழி எங்களோடது. அப்புறம் படம் பிடிக்கிறவங்களுக்கு மட்டும்னு ஆயிடுச்சு."

ஜெனோவா மாசானத்தைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் முழுசாகச் சொல்லாததை, முதல் நாள் பொத்தான் மேல் விரல் வைத்திருந்ததைத் தவிர, எல்லாவற்றையும் சொன்னாள். இம்தியாஸ் கேட்டுக்கொண்டே தன் பையிலிருந்த கணினியைத் திறந்தான். அவள் பகுதியில் சிவப்பு காட்டியும் விழாத இடங்களையெல்லாம் வரைபடத்தில் ஒன்றாகப் போட்டுப் பார்த்தான்.

"நீங்க ஆளை நகர்த்துறீங்க மேடம். அது சரிதான். ஆனா இடிக்குப் போக ஒரு எடம் குடுக்கல. அதனாலதான் அது தன்னிஷ்டத்துக்குத் தேடிப் போகுது." திரையைத் திருப்பிக் காட்டினான். "இங்க பாருங்க. பரந்து கிடக்கிற உப்பளம் பூராவும் சிவப்பு வரல. அஞ்சாறு எடத்தைச் சுத்தித்தான் திரும்பத் திரும்ப வருது. உங்க ஹாரன் இல்லைன்னா இது எங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அந்த எடத்துல எல்லாம் ஆளைவிட உசரமா இரும்புக் கம்பம் நட்டா போதும். உப்புத் தரை. மின்சாரத்தை அப்படியே உறிஞ்சிக்கும்."

"யாரு நடுவா? அளத்து முதலாளி மழைக்கோட்டே வாங்கித் தர மாட்டாரு."

"கம்பெனி நடும்" என்றான் இம்தியாஸ். சொல்லும்போதே அவனுக்கு அது பிடித்துப்போயிற்று என்று முகத்தில் தெரிந்தது. "உசரமா நிக்கிறது நகராம இருந்தாத்தான் கணிப்பு சரியா வரும். நகராத உசரம் வேணும்னு எழுதுறேன். அப்படி நட்டா இந்த ஏரியா துல்லியத்துல முதலிடத்துக்கு வந்துடும்னு எழுதுறேன். ஆபீஸ்ல எங்க மேலதிகாரிக்கு அந்த ஒரு வார்த்தை போதும்."

"பொய் எழுதப் போறீங்களா?"

"எல்லாமே நிஜம்தானே? ஆளுங்களைப் பத்தி எழுதல, அவ்வளவுதான்."

அப்படித்தான் எழுதினான். ஆனி மாதத்தில் லாரியில் கம்பங்கள் வந்து இறங்கின. முதலாளி வந்து, இரும்பு துருப்பிடித்து உப்பில் கலக்குமே என்று தகராறு செய்தார். துருப்பிடிக்காத கம்பம் என்று காட்டினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் படமெடுக்க வருவார்கள், உங்கள் அளம் உலகப் புகழ் பெறும் என்றும் சொன்னார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சம்மதித்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மோட்டார் அறைக்கும் தனியாக ஒன்றை இம்தியாஸ் கூடவே நின்று நட்டுவித்தான். மாசானம் கேட்கும் காதை அவன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விசாரித்தான்.

அடுத்த மழையில் உப்பளம் முழுக்க ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெனோவாவின் திரையில் மஞ்சள் வட்டங்கள் எங்கெங்கோ கிளம்பின. அம்பாரத்துப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, கடைசியில் கம்பத்தடிக்கு வந்து சிவந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று கம்பத்திலேயே இடி இறங்கியது. ஜெனோவா படமெடுத்தாள். எல்லாப் படத்திலும் மின்னல் இருந்தது. ஹாரனைத் தொடவே இல்லை. மழை விட்டதும் மேகம் விலகி, கடல்மேல் நட்சத்திரங்கள் தெளிந்தன. பாத்தியில் அவை விழுந்து கிடப்பதை உலகம்மாளும் அவளும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போதும் அவள் படம் எடுத்தாள். அதற்கு எந்த வட்டமும் தேவைப்படவில்லை.

நிகழ்வான் நிறுவனத்தில் கொண்டாட்டம். கணிப்பு அந்தப் பகுதியில் நூற்றுக்கு நூறு. எங்கெங்கிருந்தோ படக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பருவம் பூராவும் உப்பளத்து வரப்புகளில் குடைகளும் கேமராக்களுமாக இருந்தன. முதலாளி எல்லாரோடும் நின்று படமெடுத்துக்கொண்டார். அடுத்த பருவத்தில் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த பருவத்தில் ஒருவரும் வரவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் இம்தியாஸ் போன் செய்தான்.

"அக்கா, உங்க ஊரை எடுத்துட்டாங்க."

"எதுல இருந்து?"

"முன்மின் வரைபடத்துல இருந்து. ஒரே கம்பம், ஒரே மின்னல், யார் எடுத்தாலும் ஒரே படம்னு எல்லாரும் சொல்றாங்க. சென்சார் எல்லாத்தையும் கழட்டிக்கப் போறாங்க. இனிமே உங்க திரையில வட்டம் வராது."

"கம்பம்?"

"அதைப் பிடுங்கச் செலவாகுமாம். விட்டுட்டாங்க."

ஜெனோவா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து முடிக்கும் வரை அவன் காத்திருந்தான்.

"உங்க வேலைக்கு ஒன்னும் ஆவலியே தம்பி?"

"பாராட்டுத்தான் குடுத்தாங்க, துல்லியத்தை ஏத்தினதுக்கு. அடுத்த எடத்துக்கும் அனுப்பிட்டாங்க. இப்ப வால்பாறையில இருக்கேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அக்கா, அன்னைக்கு உங்க எடம் மட்டும்தான் கோளாறுன்னு நெனச்சுத்தான் நான் வந்தேன். திரும்பிப் போய் மொத்த நாட்டையும் எடுத்துப் பாத்தேன். துல்லியம் கொறையிற எடம் நாப்பதுக்கு மேல இருக்கு. தேயிலைத் தோட்டம், ஆத்து மணல், நெல் வயல்னு ஜனங்க வெளியில நின்னு வேலை செய்யிற எடமாத்தான் இருக்கு. ஒவ்வொரு எடத்துலயும் பழைய சந்தாதாரர் ஒருத்தர். என்ன கோளாறுன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. குளிர்ல சென்சார் போச்சு, குரங்கு வயரைக் கடிச்சிருச்சு, இப்படி."

ஜெனோவா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வால்பாறையில யாரு?"

"ஒரு பெரியவர். போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். குரங்குன்னு சொன்னவர் அவர்தான். நாளைக்குத்தான் போய்ப் பாக்கணும். ஆனா தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்ககிட்ட விசாரிச்சேன். மழை வந்தா ஒருத்தர் விசில் ஊதிக்கிட்டு மேட்டுல ஓடுவார், நாங்க செடிக்குள்ள குந்திக்குவோம்னு சொன்னாங்க."

"அவருகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"கம்பம் நடலாமான்னு கேக்கப் போறேன்."

அன்று சாயங்காலமே மேற்கே கறுத்தது. ஜெனோவா உப்பளத்துக்குப் போனாள். திரை வெறுமையாக இருந்தது. கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்று அவளாகவே யோசித்து மேற்கு நோக்கி வைத்தாள். காத்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், கடல்மேல், வானத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு அத்தனை பெரிய மின்னல் ஒன்று இறங்கியது. திரும்புவதற்குள் போய்விட்டது.

உலகம்மாள் தார்ப்பாயைக் கட்டிவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தாள். "கெடச்சுதா?"

"இல்ல."

"பின்ன என்ன சிரிப்பு?"

ஜெனோவா வால்பாறைப் பெரியவரைப் பற்றிச் சொன்னாள். நாற்பது இடங்களைப் பற்றியும் சொன்னாள். உலகம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு கவலையோடு கேட்டாள்:

"வயசானவருங்கியே. மேட்டுல ஓடவும் செய்யணும், விசிலும் ஊதணும்னா மூச்சு வாங்காதா அந்த மனுசனுக்கு?"

ஜெனோவா போனை எடுத்து இம்தியாஸை அழைத்தாள். கம்பம் வந்து சேரும் வரைக்கும் அந்தப் பெரியவருக்கு யாராவது துணைக்குக் கிடைப்பார்களா என்று விசாரிக்கச் சொன்னாள்.